ஆறாவது டிரம்மின் மூடி

ஆய்வகத்தில் என் அறை அலமாரியில் நீல பிளாஸ்டிக் டிரம்மின் மூடி ஒன்று இருக்கிறது. நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் மங்கிய குங்குமப் பொட்டு. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், பழைய சோதனையின் ஞாபகம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொட்டை வைத்தவரைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஆராய்ச்சி மாணவனாக வடக்கனந்தல் பக்கத்துக் கிழங்கு மில் ஒன்றில் ஒரு வருஷம் கிடந்தேன். கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுப்பார்கள். மிஞ்சும் கழிவுநீர் பின்பக்கத் தொட்டிகளில் தேங்கி, அடியில் கறுப்புச் சேறாகப் படியும். நாற்றம் ஊரையே தூக்கும். காற்றுப் புகாத அந்தச் சேற்றுக்குள் சில நுண்ணுயிர்கள் உண்டு. கழிவைத் தின்றுவிட்டுக் கொஞ்சம் மின்சாரத்தை வெளியே விடும். ஆறு டிரம்களில் சேற்றை நிரப்பி, கரித் தண்டுகளைச் செருகி, ஒயரால் இணைத்து, கடைசியில் ஒரு சின்னப் பச்சை பல்பை எரிய வைத்திருந்தேன். என் பட்டமே அந்தப் பல்பை நம்பித்தான் இருந்தது.

டிரம்களுக்குத் தினமும் காலையில் கழிவுநீர் ஊற்றுவது தொட்டியக்காவின் வேலை. சேற்றுத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டதால் மில்லில் எல்லோருக்கும் அவர் தொட்டியக்கா. நிலமில்லாதவர். இடுப்பு வலியால் நடவுக்குக் குனிய முடியாது. மில்லை விட்டால் உள்ளூரில் தனக்குப் பிழைப்பில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நுண்ணுயிர் என்று நான் நடத்திய பாடத்தை ஒரே நாளில் 'பூச்சிங்க' ஆக்கிவிட்டார். மூடி இடுக்கில் முகர்ந்து பார்த்தே எந்த டிரம் மந்தமாக இருக்கிறதென்று சொல்வார். மீட்டரை வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் சாயங்காலம், டிரம்களுக்கான கழிவுநீரைப் பிடித்து வைக்கும் அண்டாவில் நானே பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். ஒழுங்காக அலசினேனா என்று நினைவில்லை. அலசியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

மறுநாள் காலை தொட்டியக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஆறு மூடிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். அரைக்கிற மெஷினுக்கே பொட்டு வைக்கும்போது ராவும் பகலும் வேலை செய்கிற பூச்சிகளுக்கு வைக்கக் கூடாதா என்பது அவர் கட்சி. பிறகு அண்டாவை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரோடு போனில் இருந்தேன்; இரண்டு நாளில் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்டாவுல பவுடர் வாசன அடிக்குது சார். ஊத்தலாமா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஊத்துங்கக்கா" என்றேன்.

அடுத்த நாள் பல்பு மங்கியது. பேராசிரியர் வந்து நின்றபோது அணைந்தே போயிருந்தது. ஒரு டிரம்மைத் திறந்ததும் பவுடர் நெடி. யார் செய்த வேலை என்று முதலாளி கத்தினார். பூஜைக்குக் கழுவிவிடுவது எப்போதும் தொட்டியக்கா என்பதால் கேள்வியே அவரைப் பார்த்துத்தான். அவர் என்னைப் பார்த்தார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அடிப்படைகூடத் தெரியாதவன் என்று பேராசிரியர் நினைத்துவிடுவாரே என்ற பயம். ஒயரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவரிடம் சொன்னது குனிந்தபடியே என் காதில் விழுந்தது.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும்போது என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆறாவது டிரம்முல நான் ஊத்தல சார். நீங்க சொன்னீங்க, ஆனா மனசு கேக்கல. அத்த மூடி தொறக்காம வச்சிக்கோங்க."

இதை முதலாளி முன்னால் ஏன் அவர் சொல்லவில்லை? நானே சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாவது டிரம் உயிரோடு இருந்தது. அதன் சேற்றைப் பிரித்து மற்ற ஐந்துக்கும் போட்டேன்; கொஞ்ச நாளில் பல்பு மறுபடி எரிந்தது. ஆய்வேட்டில் அதை, முன்யோசனையோடு நான் ஒதுக்கி வைத்திருந்த சேறு என்று எழுதினேன். பாராட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பட்டம் மட்டும் பாவத்தின் பக்கம் வந்து சேர்ந்தது. மில்லைவிட்டுக் கிளம்பும்போது அந்த மூடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

போன மாதம் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடன் டீ குடிக்க ஓர் ஓட்டலுக்குள் போனேன். மேஜை துடைக்க வந்தவர் தொட்டியக்கா. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி துடைத்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகத்தில் துளி கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"இன்னா சார், பூச்சிங்கல்லாம் நல்லா கீதுங்களா?"

"நல்லா இருக்குக்கா" என்றேன். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. எதிரே உடன் வந்தவர் உட்கார்ந்திருந்தார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, பஸ் வந்துவிட்டதென்று எழுந்துவிட்டேன். பஸ் வந்திருக்கவில்லை.

இன்று ஆயுத பூஜை. ஆய்வகத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஊழியர் இந்த மூடியையும் கழுவ எடுத்தார். பாய்ந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டேன். அவர் மிரண்டுபோய், இது யார் வைத்த பொட்டு சார் என்று கேட்டார்.

நான் வைத்ததுதான் என்று சொன்னேன்.