செக்ரோலில் ஒரு ஜெர்மன்காரர்

1. காங்கிரீட் இறுகும் வரை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்கு, கொழுந்தைத் தூளாக்குகிற ஆலைக்கு, புது டீசல் எஞ்சின் வந்தது, ஜெர்மனி பந்தாட்ட உலகக் கோப்பையை ஜெயித்ததற்கு அடுத்த வருசம். எஞ்சினும் ஜெர்மனியில் செய்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்தவரும் ஜெர்மன்காரர். பெயர் வில்லி. முப்பத்தைந்து வயதிருக்கும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். நான் மலையகத்து லிந்துலைப் பக்கம் அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் பிட்டர். அவருக்குத் துணையாக என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் "குட் மார்னிங் தொரை" என்றேன்.

"தொரை இல்லை. நீ பிட்டர், நானும் பிட்டர்" என்றார்.

அவருடைய இங்கிலீசும் என்னுடையதைப் போலவே உடைசல். அதனாலேயே ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

எஞ்சின் உட்காரும் காங்கிரீட் மேடையைப் போட்டு முடித்தோம். எங்கள் குளிருக்கும் மழைக்கும் அது இறுகப் பதினைந்து நாளாவது வேண்டும். அதுவரை அவருக்கு வேலை இல்லை. ஒருநாள் தொரைமார் கிளப்புக்குப் போய்வந்தார். உலகச் சண்டை முடிந்து பத்து வருசம்தான் ஆகியிருந்தது. அங்கே யாரும் அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட்டார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற அந்த இடத்தில்தான் சாயங்காலம் நாங்கள் பந்தடிப்போம்.

பந்து உருண்டு அவர் பக்கம் போனது. பாதத்தால் அமுக்கி நிறுத்தினார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். அந்தக் கோடியில் நின்ற சிவனாண்டிக்கு அடித்தார். சிவனாண்டி ஓடவே வேண்டியிருக்கவில்லை. பந்து அவன் காலடியில் வந்து நின்றது.

"என்னங்க, நீங்க பந்துக்காரரா?" என்று கேட்டேன்.

"அதுதான் என் தொழிலாக இருந்தது" என்றார்.

களத்து ஓரத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அவர் ஊர் நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. இவரும் பதினாலு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான். பதினேழு வயதில் ஊர் கிளப்பில் இடம் கிடைத்தது. இரண்டு வருசத்தில் சண்டை வந்து பட்டாளத்துக்குப் போனார், கைதியாகி, மெலிந்து திரும்பி வந்தார். பிறகு அதே கிளப் ஒப்பந்தம் எழுதி, மாதச் சம்பளத்துக்கு ஆட வைத்தது. பகலில் எஞ்சின் கம்பெனியில் வேலை, சாயங்காலம் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மேட்ச். கோப்பையை ஜெயித்த ஆட்களில் இரண்டு பேருக்கு எதிராக அவர் ஆடியிருக்கிறார்.

"ஒருத்தனை நான் பந்தைத் தொட விடவில்லை. இன்னொருத்தன் என்னைத் தொட விடவில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

நாலு வருசம் அப்படிப் போனது. ஒரு மேட்சில் முழங்கால் பிசகியது. ஆபரேசன் செய்தும் பழையபடி ஆகவில்லை. கிளப் ஒரு பூச்செண்டும் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பிவிட்டது.

2. ஒரு நாள் பேர்

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு எங்களுக்கு மேட்ச். மூன்று வருசமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். லிந்துலை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானாதான் கோப்பை கொடுப்பவர், ரெப்ரீயும் அவரே. ஜெர்மன்காரரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனோம்.

"தோட்டத்து ஆளுங்கதான் ஆடணும். செக்ரோல்ல பேர் இருந்தா கறுப்போ வெள்ளையோ எனக்கென்ன? பேர் இல்லாட்டி அவரு பவுண்டரிக்கு வெளியேதான்" என்றார் நானா.

செக்ரோல் என்பது தோட்டத்துப் பேர்ப் பதிவு. வேலைக்கு வந்தவர் பெயரை அதில் எழுதுவது ஆபீஸ் பெரிய கிளாக்கர். அவர் பந்துப் பைத்தியம். நாங்கள் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மாணிக்கம், அந்த மனுசன் ஒருநாள் மலையில நின்னு வேலை செஞ்சா பேர் போட்டுருவேன். பொய்ப் பேரு மட்டும் போடமாட்டேன்."

வில்லிக்கு ஒரே குஷி. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் மழைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கு, கையில் மண்வெட்டியோடு பெரட்டில் வந்து நின்றார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி அவரைக் கான் வெட்ட அனுப்பினார். சுரங்கத்தில் இருந்தவருக்கு மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது பெரிய காரியமா? பதினொரு மணிக்கே அன்றைக்கு வெட்ட வேண்டிய கணக்கை முடித்துவிட்டு, பக்கத்து ஆளுடைய கானில் இறங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். கானுக்குள் சேறும் சகதியுமாக ஒரு வெள்ளைக்காரர். தொரைக்கு முகம் சிவந்தது. கிளாக்கரைக் கூப்பிட்டனுப்பினார்.

"யார் இந்த ஆளுக்கு வேலை கொடுத்தது?"

"நான்தாங்க பேர் போட்டேன் சார். வேலை செஞ்சாரு, போட்டேன்."

தொரை வெட்டின கானை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"எஞ்சின் சொன்ன தேதிக்கு ஓடணும். ஓடலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்துவிட்டது. வில்லி ஓடவில்லை. நடுவில் நின்று ஆளாளுக்குப் பந்தைப் பிரித்துக் கொடுத்தார். முதலில் ஒரு கோல் வாங்கினோம். பிறகு அவர் கொடுத்த பந்தைச் சிவனாண்டி உள்ளே தள்ளினான். ஒன்றுக்கு ஒன்று. எங்கள் பக்கம் தப்பு மேள முழக்கம் காதைப் பிளந்தது.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேர் மோதியதில் வில்லி விழுந்தார். விழுந்தவர் எழவில்லை. அதே முழங்கால். தூக்கிக்கொண்டுபோய் ஓரத்தில் சோடாப் பெட்டி மேல் உட்கார வைத்தோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில் "விடு! விடு!" என்று கத்தினார். பந்தை வைத்துக்கொண்டு நிற்காதே, அடுத்தவனுக்குக் கொடு என்று அர்த்தம். மிச்ச நேரம் பத்துப் பேராக ஆடினோம். கோல் விழவில்லை. யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல், காசிம் நானா கோப்பையைக் கடைக்கே எடுத்துப் போய்விட்டார்.

தோற்காமல் வந்ததில் எல்லோருக்கும் கொண்டாட்டம். பெரிய கிளாக்கர் மட்டும் வில்லியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

3. நாற்காலி

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் காலைக் கட்டிவிட்டு, மூன்று வாரம் ஊன்றக்கூடாது என்றார். எஞ்சின் ஓட வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கிளாக்கர் வில்லியின் கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார்.

"எனக்குக் கால்தான் போச்சு. மாணிக்கத்துக்குக் கை இருக்கே" என்றார் வில்லி.

அதுவரை நான் பெல்ட் மாற்றியிருக்கிறேன், கொழுந்து உருட்டுகிற ரோலருக்குக் கிரீஸ் அடித்திருக்கிறேன். புது எஞ்சினைத் தொட்டதுகூட இல்லை.

வில்லி ஸ்டோருக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டார். அவர் சொல்ல நான் செய்தேன். எஞ்சின் ஷாஃப்டையும் ஸ்டோரின் மெயின் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் அலைன்மென்ட் வேலை மட்டும் நாலு நாள் இழுத்தது. மயிரிழை தப்பினாலும் "மறுபடி" என்பார். மூன்றாம் நாள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னால ஆகாதுங்க. நீங்களே ஒருதரம் இறங்கி வந்து முடுக்கிடுங்க."

அவர் கோபப்படவில்லை. கண்ணால் தன் கைகளைக் காட்டினார். இரண்டும் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"காலில் அடிபட்ட வருசம் கிளப் மேட்சை வெளியே உட்கார்ந்து பார்த்தேன். இப்படித்தான் பலகையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். உன்னைவிட எனக்குத்தான் கஷ்டம். எடு ஸ்பேனரை."

எடுத்தேன்.

குறித்த நாள் காலையில் பெரிய தொரை வந்தார். தேங்காய் உடைத்தோம். ஸ்டார்ட் கொடுத்தேன். எஞ்சின் நாலு சுற்றுச் சுற்றி, இருமிவிட்டு நின்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடி நின்றது. தொரை கடிகாரத்தைப் பார்த்தார். கிளாக்கர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் வில்லியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தேன். டீசல் வரும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். புஸ்ஸென்று நுரை வந்தது. உள்ளே காற்று அடைத்திருந்தது. அதை வெளியேற்றி, நட்டை முடுக்கிவிட்டு, மூன்றாம் தடவை ஸ்டார்ட் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. மெயின் ஷாஃப்ட் சுற்ற, ரோலர்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. கிளாக்கர் என்னைக் கட்டிப்பிடித்து வெள்ளைக் கோட்டெல்லாம் எண்ணெய் ஆக்கிக்கொண்டார். தொரை வில்லிக்குக் கை கொடுக்கப் போனார். வில்லி என் பக்கம் கை காட்டினார். தொரை ஒரு நொடி தயங்கிவிட்டு, எண்ணெய்க் கையென்று பார்க்காமல் எனக்குக் கொடுத்தார்.

தலவாக்கலை ஸ்டேசனில் வில்லியை ரயிலேற்றப் போனபோது கேட்டேன்: "காத்து அடைச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் இருமலிலேயே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! கிளாக்கருக்கு உயிரே போயிருச்சு."

"சொல்லியிருந்தால் அன்றைக்கு ஐந்து நிமிசம் முந்தி ஓடியிருக்கும். நான் போன பிறகு நின்றால் யாரைக் கேட்பாய்?"

அதற்குப் பிறகு மூன்று தோட்டத்து ஸ்டோர்களில் ஹெட் பிட்டராக இருந்தேன். என் கீழ் எத்தனையோ பேர் வேலை பழகினார்கள். அவர்கள் தடுமாறும்போது ஸ்பேனரைப் பிடுங்கக் கை துடிக்கும். அந்தக் கையை அடக்கிக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு ஆகக் கஷ்டமான வேலை. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பழக வேண்டும்.