மூசா பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்

எங்கள் கிளப்பின் செயலாளர் பொய் சொல்கிறார். அதையும் ஃபிளெக்ஸ் அடித்துச் சொல்கிறார்.

போன வாரம் லஸ் முனையில் சிக்னலுக்காக ஸ்கூட்டரை நிறுத்தியபோது பார்த்தேன். மயிலாப்பூரில் உள்ள எங்கள் கூடைப்பந்து கிளப் இந்த வருஷம் லீக்கில் ஆட ஒரு வெளிநாட்டுக்காரனை எடுத்திருக்கிறது. 'கிளப் வரலாற்றிலேயே முதல் வெளிநாட்டு வீரர்' என்று போட்டிருந்தது. ஐரோப்பாப் பையன். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. படத்தில் பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் செயலாளர் கைகூப்பி நிற்கிறார்.

காலுக்கடியில் பந்தைப் பார்த்ததும் எனக்கு மூசா ஞாபகம் வந்துவிட்டது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் இருந்த ஆட்டோக்காரர்தான் கத்தினார். "இன்னா சார், பேனர பாத்துக்கினு கீற? வூடு போய்ச் சேர வேணாமா?"

மூசா செனகல்காரன். எங்கள் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆட வந்த முதல் வெளிநாட்டுக்காரன் அவன்தான். நானும் அப்போது அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று மூசாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். அவனுக்குத் தெரிந்ததோ பிரெஞ்சு. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசினோம்.

முதல் நாள் பயிற்சியில் உருண்டு வந்த பந்தை மூசா காலால் நிறுத்தி, ஷூ நுனியில் ஏற்றிக் கைக்குக் கொண்டுவந்தான். நான் கைதட்டப் போனேன். மற்றவர்கள் ஐயையோ என்று பதறினார்கள். அப்போது அணிக்கு மேனேஜர் இன்றைய செயலாளர்தான். தி.நகரில் துணிக்கடைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"எலே, பந்தக் காலால மிதிக்கான்லே! சோறு போடுத சாமிய எவனாவது மிதிப்பானா? அவன்ட்ட சொல்லுலே!"

எங்கள் கிளப்பில் அது சின்ன விஷயம் இல்லை. ஆடுகளத்துக்குள் போகும்போது தரையைத் தொட்டுக் கும்பிடுவோம். பந்தில் கால் பட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஆயுத பூஜைக்குப் பந்துக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. இதையெல்லாம் என் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? செய்து காட்டினேன். மூசாவும் குனிந்து பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மேனேஜருக்குப் பரம திருப்தி.

அவனுக்கு அறை திருவல்லிக்கேணியில் ஒரு பேச்சிலர் மேன்ஷனில். அந்தப் படிக்கட்டு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: காயாத துண்டு, ஊதுபத்தி, கீழே மெஸ்ஸில் கொதிக்கும் குழம்பு. படுத்தால் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எல்லாம் கட்டிலுக்கு வெளியே தொங்கும். சில மாதத்திலேயே தமிழ் பேச ஆரம்பித்தான். அது டீக்கடைத் தமிழ். "இன்னா நைனா, துன்னியா?" என்றுதான் எல்லாரையும் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மீன் வாங்கப் போவோம். அவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு மீன்காரம்மா ஒருவர் சிரித்தார்.

"டேய் நெட்டையா, இத்த எவன்டா உனக்குக் கத்துக்குடுத்தான்?"

"எங்க அம்மாவும் மீன் விக்கிது," என்றான். அன்றிலிருந்து அந்த அம்மா அவனிடம் பேரம் பேசவே இல்லை.

ஆயுத பூஜை அன்று மூசா நெற்றியில் சந்தனம் வைக்கப் போனால் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஐந்து வேளைத் தொழுகைக்காரன். பொரியை மட்டும் இரண்டு கையாலும் வாங்கித் தின்றான். அப்புறம் ஏன் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாய் என்று கேட்டேன். "அது சாமி இல்ல மச்சி. மரியாத," என்றான்.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் வரை போனோம். ஜெயித்தால் அவனுக்கு அடுத்த வருஷமும் ஒப்பந்தம் என்று பேச்சு. அவனுக்கு இங்கேயே இருக்க ஆசை. ஆட்டம் முடியச் சில நொடிகள். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து மூசாவிடம். தட்டிக்கொண்டே வந்தவனுடைய ஷூவில் பந்து லேசாகப் பட்டு அவன் கைக்கே திரும்பியது. நடுவர்கூடக் கவனிக்கவில்லை. மூசா பந்தை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் தொட்டுக் கண்ணுக்குக் கொண்டுபோனான். அந்த நேரத்தில் எதிரணிக்காரன் பின்னாலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து ஓடிக் கூடையில் போட்டுவிட்டான். விசில்.

உடை மாற்றும் அறையில் மேனேஜர் கத்தினார். "பந்தக் கும்புடவாலே ஒன்னியக் கூட்டியாந்தேன்?"

மூசாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "நீதான சார் கத்துக்குடுக்கச் சொன்னே?" என்றான்.

அதற்குப் பதிலாக அவர் அடுத்த வாரம் விமான டிக்கெட்டைத்தான் கொடுத்தார். கமிட்டியில் அவர் சொன்ன காரணத்தை என் காதால் கேட்டேன். "அந்தப் பய நம்மூர்ப் பழக்கத்துக்கு ஒத்துவரலங்க." கமிட்டி தலையாட்டியது.

இப்போது நாங்கள் தொட்டுக் கும்பிட்ட சிமெண்ட் தளம் இல்லை. நீல நிறத்தில் செயற்கைத் தளம் போட்டிருக்கிறார்கள். பையன்கள் காதில் பாட்டோடு நேராக உள்ளே போகிறார்கள். யாரும் தரையைத் தொடுவதில்லை. மேன்ஷனை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். புதுப் பையனுக்குத் தரமணி தாண்டி ஹோட்டல் அறை. காரில் வருகிறான், காரில் போகிறான். கேமரா முன்னால் வணக்கம் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். இந்த ஊரில் மீன் எங்கே விற்கும் என்றுகூட அவனுக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

பழக்கம் போனால் போகட்டும். அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் ஒருவன் இங்கே வந்ததையே இல்லை என்று சொல்லக் கூடாது. வருகிற பொதுக்குழுவில் செயலாளர் மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லட்டும்: மூசா நம்மூர்ப் பழக்கத்தில் எதற்கு ஒத்துவரவில்லை?