இடக்கைக் கோப்பு

திரையில் ஒரு கேள்வி நின்றது. இந்தக் கோப்பை அழிக்கலாமா? ஆம் என்றால் y, இல்லை என்றால் n. விசைப்பலகைக்கு மேலே அண்ணனின் வலக்கை இறங்காமல் நின்றது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே உள்ள கை. நடுவிலிருந்த மூன்றையும் அவர் வேலை பார்த்த அதே நிறுவனத்தின் அட்டை வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஜாலான் புசாரில், ஓர் இரும்புக்கடையின் மாடியில், சரக்குப் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்கும் இடம் அது. உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்ட நான், கிராஞ்சியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, சாங்கியில் மூட்டை ஏற்றி, கடைசியில் கணினி பார்ப்பவனாக அங்கே ஒதுங்கினேன். விண்டோஸுக்குக் காசு கட்ட முதலாளிக்கு மனமில்லை, அதனால் எல்லாவற்றிலும் லினக்ஸ். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நான் அண்ணன் என்று கூப்பிட்ட அவர், அங்கே முகவரிகளைத் தட்டச்சு செய்பவர். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். "டேய் ஓடுகாலி, இந்த வேலையில எத்தன மாசம் லா?" என்று புது ஆட்கள் முன்னால் கேட்பார். அவர்கள் சிரிக்கும்வரை விடமாட்டார்.

எனக்கு முன்னால் இருந்த ஆள் அவருக்கென்று ஒரு கோப்பு எழுதிக் கொடுத்திருந்தார். கட்டைவிரலால் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்தால், இடப்பக்கத்து விசைகளே வலப்பக்கத்து எழுத்துகளைத் தரும். அதை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் இரண்டு கைக்காரர்களை முந்துவார். லினக்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் கோப்பு கண்ணில் படாது. அவரவர் சொந்த அமைப்புகள் அப்படித்தான் மறைந்து கிடக்கும். இதை ஒருநாள் மேலாளருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து அவர் அண்ணனைப் "பெரும்புள்ளி" என்றே கூப்பிட்டார்.

பிறகு மென்பொருள்களைப் புதுப்பித்தோம். பொதுவான அமைப்புக் கோப்பு மாறினால் கணினியே நிறுத்திக் கேட்கும், உங்கள் பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று. ஆனால் ஆளுக்கு ஆள் வைத்திருக்கும் புள்ளிக் கோப்புகளை அது தொடுவதில்லை. அவை பழையபடியே கிடந்து புதிய நிரலோடு மோதும். அண்ணனின் கோப்பும் மோதியது. விசைகளை மாற்றும் நிரல் அதைப் படிக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் நின்றுபோனது. இதற்கு வழி உண்டு. பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, அதன் வரிகளை ஒவ்வொன்றாகப் புது முறையில் எழுதி, ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் காரியமாக நகல் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் நேரம் கேட்டு மேலாளரிடம் போனேன். அண்ணனை வேலையைவிட்டு அனுப்ப அவர் வெகுநாளாகக் காத்திருந்தவர். விரல் போனதற்காக ஒருவரை அனுப்பினால் கேள்வி வரும். தட்டச்சு வராததற்காக அனுப்பினால் வராது.

அவர் எழுந்து வந்து அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "இனிமே எல்லாருக்கும் ஒரே செட்டிங். பழைய ஃபைல் ஓடாது, தூக்கிடலாம்."

"சார், அழிக்க வேணாம். ஒதுக்கி வெச்சுட்டு மாத்திடலாம்," என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா? தள்ளி நில்லு." என்னைப் பார்த்துக் கற்ற, கோப்பை அழிக்கும் கட்டளையை அவரே அடித்தார். திரையில் கேள்வி வந்தது. "பெரும்புள்ளி, கேக்குது பாருங்க. பதில் சொல்லுங்க."

அண்ணன் இடக்கையை நீட்டினார்.

"ஒய் வலது கைப் பக்கம் லா. டைப்பிங் கிளாஸ்ல சொல்லித் தரலையா?"

இல்லை என்று சொல்வதற்கான எழுத்தும் அந்தப் பக்கம்தான். அண்ணனின் வலக்கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு சுண்டுவிரலை மடக்கி ஒய்யைக் குத்தினார்.

அப்போதே எல்லோருக்கும் தட்டச்சுத் தேர்வு வைத்தார் மேலாளர். சிராங்கூன் சாலை முகவரி ஒன்று. அண்ணன் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டார். இடக்கையால் தன் வழக்கமான வேகத்தில் அடித்தார், வலப்பக்கத்து எழுத்துகள் அத்தனையையும் விட்டுவிட்டு. Serangoon Road என்பது serag rad என்று வந்தது.

"செராக் ராட்!" மேலாளர் உரக்கப் படித்தார். "இது எங்க லா, ரஷ்யாவுலயா? பெட்டிய மாஸ்கோவுக்கு அனுப்பவா?"

அறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக அண்ணன் சிரித்தார். சிரித்தபடியே எழுந்து போனார். மறுநாள் அவர் இருக்கையில் ஒரு பாலிடெக்னிக் மாணவி உட்கார்ந்திருந்தாள்.

நான் எடுத்து வைத்திருந்த நகலை வீட்டில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. இந்த ஆண்டு சாங்கி விமான நிலையத்தில், பயணிகள் விட்டுப்போன தள்ளுவண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"டேய் ஓடுகாலி. இன்னும் அதே கம்பெனியா?"

"இல்லண்ணே. அடுத்த மாசமே ஓடிட்டேன். உங்க ஃபைல மாத்தி எழுதிட்டேன், நல்லா ஓடுது. நீங்கதான் ஃபோன எடுக்கல."

"எழுத எவ்வளவு நாள் ஆச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"அரை நாள்."

அவர் அடுத்த வண்டியை உள்ளே செருகினார்.

"ஒரு மாசமாவது இழுக்கும்னு நெனச்சேன் லா," என்றார். "அதான் ஒய்ய அமுக்கிட்டேன்."