சாதிக்காயா, சீமைச்சாமந்தியா?

பேக்கரி அடுப்புக்காரருக்கு இரவில் வேலை, பகலில் தூக்கம். அந்தத் தூக்கமோ கொஞ்ச நாளாக அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அடுப்படியில் கண் சொக்கியதில் ஒரு தட்டு பன் கரியாகிவிட்டது. இன்னொன்று கருகினால் கல்லாவில் உட்கார வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுப்புக்காரருக்கோ அடுப்புதான் உயிர்.

வீட்டில் வைத்தியப் போட்டி தொடங்கியது. அவருடைய அக்கா பாலில் சாதிக்காய்த் தூள் கலந்தாள். மனைவியின் தம்பியான மச்சினன் சீமைச்சாமந்தி டீ போட்டான். கொடுத்ததோடு விட்டார்களா? அவர் கண்ணை மூடினால் போதும், கதவு திறக்கும்.

"தம்பி, சொக்குதாடா?"

"மாமா, என் டீ வேலை செய்யுதா?"

இன்று இருவரும் ஆளுக்கொரு டம்ளரை வைத்துவிட்டுப் போய், மறுபடி எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ரொட்டி உப்பும்போது அடுப்பைத் திறந்து திறந்து பாத்தா என்னடா ஆகும்?"

"அமுங்கிப்போகும் மாமா."

"நான்தான்டா அந்த ரொட்டி. கதவைச் சாத்துங்க!"

மனைவி இருவரையும் வெளியே தள்ளி, கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் உள்ளே குறட்டை லாரி மாதிரிக் கிளம்பியது.

"என் சாதிக்காய்!"

"போங்கக்கா, என் டீ!"

மனைவி பூனைபோல் உள்ளே போனாள். இரண்டு டம்ளரும் வைத்தது வைத்தபடி நிரம்பியிருந்தன. சத்தமில்லாமல் இரண்டையும் கொட்டிக் கழுவினாள்.

வெளியே வந்து நாத்தனாரின் காதோரம் சொன்னாள்: "அண்ணி, சாதிக்காய்தான் ஜெயிச்சுது. அவன்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம்."

அடுத்துத் தன் தம்பியின் காதைப் பிடித்து இழுத்தாள். "உன் டீதான்டா. அவங்ககிட்ட மூச்சு விடாதே."

மறுநாள் காலையில் அவர் கொண்டுவந்த ரொட்டி பொன்னிறமாக உப்பியிருந்தது. அக்காவும் மச்சினனும் ஆளுக்குப் பாதியாக, தாங்களே சுட்ட மாதிரித் தின்றார்கள்.