மகேந்திரராசா பொறுப்பேற்ற மேப்பிள்

மகேந்திரராசாவின் பெயரைச் செல்வமலர் முதன்முதலில் அறிந்தது, பெரிய மாமியின் இளைய மகன் நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டிலிருந்து எழுதிய கடிதத்தில். "என்னோடை மீன் வெட்டுற பொடியன். வாய் திறக்கமாட்டான், ஆனால் நல்லவன்." கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்து, எல்லிங்ஸ்ருட்டில் வீடு வாங்கி முப்பது வருடமாகியும் கடிதத்தில் இருந்தபடியேதான் மனிதர் இருந்தார்.

அப்படிப்பட்டவர் போன வருடம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்றார். முற்றத்தில் பட்ட மரத்தைத் தறித்த இடத்தைச் சைக்கிள் நிறுத்தக் கேட்டார்கள். வேண்டாம், ஆட்கள் இருக்கிற வாங்குக்கு நிழல் வேண்டும், புது மரத்துக்கு நான் பொறுப்பு என்றார். நோர்வேயில் யாருக்கு நிழல் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்ரியாஸ் சிரித்தார். சங்கம் சம்மதித்தது. ஆனால் மரம் ஒரு பனிக்காலம் தாங்காவிட்டால் சைக்கிளுக்குத்தான் இடம்.

மரக்கன்று விற்கும் இடத்தில் செல்வமலரின் கண் சிவப்பு இலை ஜப்பான் மேப்பிளில் நின்றது.

"எவ்வளவு வடிவாய்க் கிடக்கு, பாருங்கோ."

"வடிவை வச்சு என்ன செய்யிறது? எங்கடை மேட்டுக் குளிருக்கு நிக்கோணும். பாட்ஸ்பியோர்ட்டிலை ஒன்பது வருசம் நிண்டவன் சொல்லுறன்."

இந்த நாட்டிலேயே வளரும் பச்சை மேப்பிளை எடுத்தார். ஆனால் நட்டதும் அடியைச் சுற்றி வரம்பு உயர்த்திப் பாத்தி கட்டி, நாள் தவறாமல் வாளி வாளியாய் ஊற்றினார்.

"என்னப்பா, வாழைக்கே இறைக்கிறியள்?"

"பேசாமல் இரும்."

இலை கொட்டிய பிறகும் ஊற்றினார். டிசம்பரில் பாத்தி நிறைய ஐஸ். வேருக்கு மூச்சுமுட்டும் என்று ஆன்ட்ரியாஸ் சொன்னபோது மனிதரின் முகம் செத்துப்போயிற்று. அலவாங்கை எடுத்துக்கொண்டு போய் வரம்பை உடைத்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் முடிந்தது. மற்ற மரங்களெல்லாம் துளிர்த்தன, இது மட்டும் மொட்டைக் கம்பு. எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் டுக்னாட் நாள் வந்தது. அன்றைக்குத்தான் மரத்தைப் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது. மகேந்திரராசா கீழே இறங்கவேயில்லை. செல்வமலர்தான் குப்பைவாரியோடு போனாள். நுனிக் கிளையை வளைத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ, மொட்டு வெடிச்சிருக்கு!"

செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு வந்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு வாங்கில் பொத்தென்று இருந்து பெருமூச்சு விட்டார். ஆன்ட்ரியாஸ் கோப்பியை நீட்டி, நிழல் எப்போது வரும் என்று கேட்டார்.

"அவசரப்படாதையும்" என்று தமிழிலேயே சொன்னார் மகேந்திரராசா. ஆன்ட்ரியாசுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது.