தொண்ணூறாவது நாள்

என் பெரியப்பா தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, குடியேற்றத் துறை அலுவலகத்துக்குப் போய், ‘நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அது விதி. திரும்பி வந்ததும் எங்களுக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் வரும்: “ஆஜர் ஆகிவிட்டேன்.” நான் வாசித்துக் காட்டும்போதெல்லாம் அப்பா சிரிப்பார்.

“ஜாமீன்ல வந்தவன் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடற மாதிரி இல்ல? எங்கண்ணன் அங்க என்ன குத்தம் பண்ணானோ!”

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். இளவயதில் ஒரு துணி ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்கு அங்கே போனார். ஓய்வுபெற்றதும் ஊருக்கு வந்துவிடுவார் என்று நம்பி மேற்குத் தாம்பரம் வீட்டு மாடியில் அப்பா ஓர் அறை கட்டினார். பெரியப்பா வந்தார், மூன்று வாரம் இருந்தார், “ரூம் நல்லா கட்டியிருக்கடா” என்றார், போய்விட்டார். அந்த அறையில்தான் நான் படித்தேன், குரோம்பேட்டைக் கல்லூரியில் பொறியியல் முடித்தேன், சிறுசேரியில் வேலை வாங்கினேன்.

அவர் அங்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில், துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணியின் வீட்டு மாடியில் இருந்தார். பத்தொன்பது வருடமாக ஒரே மாடி. அம்மா அந்தப் பெண்மணியை “ஹவுஸ் ஓனர்” என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லுக்கு அப்பால் எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

கேமரா வாங்கிக் கணினியில் மாட்டியதிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பெரியப்பா திரையில் வருவார். அங்கே பத்தரை. பின்னால் தையல் இயந்திரத்தின் சத்தம். சில சமயம் ஒரு கை மட்டும் சட்டகத்துக்குள் நுழைந்து, வெட்டிய பப்பாளித் தட்டை வைத்துவிட்டுப் போகும். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். நடுவிரலில் தையற்காரர்கள் போடும் உலோக உறை. முகத்தைப் பார்த்ததில்லை.

கடற்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்ததாம். ஒரு ஜெர்மன்காரர், இரண்டு ஆங்கிலேயர்கள், ஒரு ஜப்பானியர், எங்கள் பெரியப்பா. எல்லோரும் கிழவர்கள். எல்லோரும் சட்டைப்பையில் பாஸ்போர்ட் நகல் வைத்திருப்பார்கள், எங்கே விழுந்தாலும் யார் என்று தெரியவேண்டுமே.

“பெஞ்சுல அஞ்சு பேரு இருந்தோம். இப்ப மூணு. கால நீட்டி உக்கார இடம் நல்லா கெடைக்குது” என்றார் ஒரு ஞாயிறன்று.

“பெரியப்பா, உங்களுக்குப் பயமா இல்லயா? அங்கயே ஏதாவது ஆயிட்டா?”

“ஆனா என்ன? பக்கத்துக் கோயில்ல வெச்சி எரிப்பாங்க. வந்தவங்களுக்குச் சாப்பாடு போடுவாங்க. அவ பாத்துப்பா.”

அவ. கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

நான் அப்போது எதையும் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறவளாக இருந்தேன். ரயில் நேரம், மருந்தின் பக்கவிளைவு, யாருக்கு எந்த நாட்டில் என்ன விசா. என்னைக் கேட்டால் போதும், நெட்டில் தேடிப் பதில் சொல்லிவிடுவேன். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெருமையை மறைத்து எழுத ஒன்றுமில்லை. அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

ஒரு ஏப்ரல் மாத நடுவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. இரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்கண்ணன் வந்தப்புறம் அறுக்கட்டும்.”

அன்றைக்கே பெரியப்பாவைப் பிடித்தேன். “வரேம்மா. ஆனா மறுபடி உள்ள வர பாஸ்போர்ட்ல ஒரு சீல் போடணும். அது போடாம வெளிய வந்தா இங்க தங்கற அனுமதியே ரத்தாயிடும். இப்ப புது வருஷத் தண்ணித் திருவிழா, ஆபீஸ் எல்லாம் மூடிட்டான். தொறந்ததும் அன்னிக்கே...”

அலுவலகம் திறக்கும் நாளும் அறுவை சிகிச்சை நாளும் ஒன்று.

நான் தேடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “ஏர்போர்ட்லயே ஒரு கவுண்டர் இருக்கு பெரியப்பா! கிளம்பறதுக்கு முன்னாடி அங்கயே சீல் போட்டுக்கலாம். டிக்கெட் போட்டுட்டேன், மெயில் பாருங்க.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“நான் பாத்துட்டேன் பெரியப்பா.”

தையல் சத்தம் நின்றிருந்தது. அவர் திரும்பி யாரிடமோ அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னார். பதிலாக ஒரு பெண்குரல், தணிவாக. பிறகு இவர் என்னிடம், “சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

மீனம்பாக்கத்தில் அவர் வெளியே வந்தபோது சட்டை கசங்கி, ஈரம் காய்ந்த கோடுகள் தெரிந்தன. காதுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. “தெருவெல்லாம் தண்ணி ஊத்தி மாவு பூசுறானுங்க. கிழவன்னா இன்னும் ஜாஸ்தி, ஆசீர்வாதமாம்.” டாக்சியில் ஏறியதும் துடைக்கத் துண்டு கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

அப்பா பிழைத்தார். அறுவை முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். நான் உற்சாகமாகக் கணினியைத் திறந்து, “பெரியப்பா, ரிட்டர்ன் எந்தத் தேதிக்குப் போடட்டும்?” என்றேன்.

“அது பாத்துக்கலாம்.”

“இல்ல, இப்பவே போட்டா ஜன்னல் சீட்டு கெடைக்கும்.”

அவர் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “அந்த சீல் போடலம்மா.”

திருவிழாக் கூட்டத்தில் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் நான்கரை மணி நேரம் ஆகியிருக்கிறது. கவுண்டர் இருந்தது. நான் சொன்னது சரிதான். அவருக்கு முன்னால் வரிசையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லிக் கடைசி அழைப்பு விடுத்தார்கள். இன்னும் நாலு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி ஓடினார்.

“நீங்க எங்கிட்ட வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லி? தம்பி நெஞ்சத் தொறக்கப் போறான், நான் இங்க சீலப் பத்திப் பேசறதா?”

மறுநாள் விடுப்பெடுத்து அவரைத் தூதரக அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பெரியப்பா அவளிடம் அவள் மொழியிலேயே பேசியதும் முகம் மலர்ந்து, கைகூப்பி, இரண்டு முறை உள்ளே போய்க் கேட்டு வந்தாள். விஷயம் இதுதான். பல வருடம் முன்பே அனுமதி பெற்றவர்களுக்குப் பழைய விதி. குறைந்த இருப்பு காட்டினால் போதும். தொடர்ச்சி விட்டுப்போனால் அவர் புது ஆள். புது ஆள் வங்கியில் காட்ட வேண்டிய தொகை பெரியப்பாவிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்குப் பின் எங்களிடமும் இல்லை. எழுபத்தொரு வயதில் அவர் புது ஆள் ஆனார். அதைச் செய்தது நான்.

“டூரிஸ்ட் விசா கிடைக்கும் பெரியப்பா. ரெண்டு மாசம்.”

“பத்தொம்பது வருஷமா இருக்கற வீட்டுக்கு டூரிஸ்டாப் போகணுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ரயிலில் திரும்பும்போது பல்லாவரம் தாண்டியதும் நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“நீங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஏதாவது...”

“உங்கம்மா ஹவுஸ் ஓனர்ங்கறா. ஹவுஸ் ஓனரை யாரு ரிஜிஸ்டர் பண்ணுவா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கம்மா இருந்தவரைக்கும் சொல்லத் தைரியமில்ல. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். இப்பப் பண்ணாலும் பேங்க்கு பேப்பர் கேப்பான். விடு.”

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குமில்லை, அப்புறமும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருப்பேன். “நீ தேதியப் பாத்த, கவுண்டரப் பாத்த. தண்ணி ஊத்துவான்னு நெட்ல போட்டிருக்காது” என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

டூரிஸ்டாகப் போனார். அம்மா ஊறுகாய் கட்டினாள், பருப்புப் பொடி கட்டினாள், கடைசியில் பீரோவைத் திறந்து மாம்பழ நிறத்தில் ஒரு கைத்தறிப் புடவையை எடுத்துவந்து பெட்டியின் மேல் வைத்தாள். “அந்தம்மாவுக்கு” என்றாள். பெரியப்பா அதைப் பெட்டியின் அடியில், தன் வேட்டிகளுக்கு நடுவில், மடிப்புக் கலையாமல் வைத்தார்.

ஐம்பத்தெட்டாம் நாள் திரும்பிவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு மூட்டை மருந்து.

“அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றாள் அம்மா. உண்மையாகவே சொன்னாள்.

“கேட்டேன். வரேன்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்.” அவர் பெட்டியின் கைப்பிடியை விடாமலே நின்றார். “நான் அங்க போனப்ப இருபத்தெட்டு வயசு. பஸ்ல ஏறி எங்க எறங்கணும்னு கேக்கத் தெரியாது. அந்த வயசுலயே அழுதிருக்கேன். அவளுக்கு அறுபத்தஞ்சு. மூணு தெரு தாண்டித் தங்கச்சி இருக்கா, கோயில் இருக்கு. இங்க கொண்டாந்து வாயடைச்சு உக்கார வைக்கவா?”

அதற்கப்புறம்தான் கவனித்தேன், இங்கே வாயடைத்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கப் பயந்தார். பேருந்தில் சில்லறை கொடுத்த கண்டக்டரைக் கைகூப்பி வணங்கினார். சாப்பாட்டில் காரம் அதிகம் என்றார், அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். அங்கே பழகிய பழக்கம். ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தபோது செருப்பு இல்லை. வெறுங்காலோடு வெயிலில் நின்றவரைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார்:

“இன்னா பெருசு, மெடிக்கல் ஷாப்ப கோயில்னு நெனச்சிக்கினியா? வூடு எங்க கீது? ஏறு, உட்டுட்டு வரேன்.”

வீடு எங்கே என்பதற்குப் பெரியப்பாவுக்கு வேறொரு தெருப்பெயர்தான் முதலில் வந்ததாம். வந்து சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். அது இப்போது அவருடைய அறை என்பது படியேறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சில வாரம் கழித்து ஒரு காலை, சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு கேட்டருகே நின்றிருந்தார்.

“ஒரு போட்டோ எடும்மா. வீட்டு நம்பர் தெரியணும்.”

“எதுக்கு பெரியப்பா?”

“தொண்ணூறு நாளாச்சு இங்க வந்து. அங்க ஒருத்தருக்குச் சொல்லணுமில்ல, இதே வீட்லதான் இருக்கேன்னு.”

பஸ்ஸை விட்டுவிட்டு எடுத்தேன். என் செல்போன் கேமராவில் முகம் மங்கலாகத்தான் விழும். அந்தப் பெண்மணியின் தங்கை மகளின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். “ஆஜர்” என்று தலைப்புப் போடச் சொன்னார். ஆங்கில எழுத்தில் போட்டேன். அதற்கு என்ன பொருள் என்று அங்கே யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். “தெரியும்” என்றார்.

மூன்று முறை அப்படி அனுப்பினோம். பதில் வரவில்லை. நான்காவது முறை, ஒரு ஞாயிறு காலை, பதில் வந்தது. எழுத்து ஒன்றுமில்லை, படம் மட்டும்.

வீட்டு வாசல். கதவெண் தெரியும்படி தள்ளி நின்று எடுத்திருந்தார்கள். நரைத்த முடியைப் பின்னால் கட்டிய ஒரு சிறிய பெண்மணி, கையைத் தொங்கவிட்டு, ஏதோ அலுவலகத்தில் நிற்பதுபோல் நேராக நின்றாள். மாம்பழ நிறப் புடவை. எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற அம்மா, “முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கா பாரு” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண்மணியின் காலடியில், மாடிப்படியின் முதல் படியில், ஒரு ஜோடி ஆண் செருப்பு. வெளியே வந்தால் உடனே மாட்டிக்கொள்ள வசதியாக, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பெரியப்பாவும் பார்த்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார்.

“மூஞ்சி சரியாத் தெரியல. கொஞ்சம் பெருசாக்கு.”

பெரிதாக்கினேன். முகம் அகன்று, விளிம்புகள் உடையத் தொடங்கின.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல உடைஞ்சிடும் பெரியப்பா. போன் கேமரா, அவ்வளவுதான் வரும்.”

“பரவால்ல, ஆக்கு.”

ஆக்கினேன். கண்ணும் மூக்கும் வாயும் சின்னச்சின்னச் சதுரங்களாகப் பிரிந்து திரை முழுக்கப் பழுப்பும் மஞ்சளுமாக நிறைந்தது. அவர் விரலை நீட்டி, ஒரு சதுரத்தின் மேல் வைத்தார்.

“இது கண்ணு” என்றார்.