தாய்மாமன் மடியில் ஒரு துண்டு

காளீஸ்வரியும் நானும் போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் அடுத்தடுத்து உட்கார்ந்து காய் பொறுக்குகிறோம். யார் எதைக் கொடுத்தாலும் அவள் உடனே நம்பமாட்டாள். பச்சையாக மின்னும் காயை எச்சில் தொட்டுத் துணியில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். மனிதர்களிடமும் அப்படித்தான்.

பல வருடம் குழந்தையில்லாமல் இருந்துவிட்டு, முத்துப்பிரியாவை முறைப்படி தத்தெடுத்தாள். அன்றிலிருந்து அவளுடைய அண்ணன் மொக்கச்சாமி வீட்டுப் பக்கம் வரவில்லை. போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். தினமும் அவள் தெருமுனையைத் தாண்டித்தான் போவார். இப்போது பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் சொந்தபந்தம் பிள்ளையை ஏற்கும். போன் போட்டதும் அவர் மறுக்காமல் ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு உறுத்தியது.

“எங்கண்ணே, ‘ஜெனியூனாச் சொல்றேன், வர்றேன்’ங்குது. ஜெனியூன்னா என்ன வித்யா?” என்று கடையில் பில் போடும் பெண்ணிடம் கேட்டாள்.

“உண்மையான, போலியில்லாதன்னு அர்த்தம்க்கா.” வித்யா போனில் தேடிப் படித்தாள். “லத்தீன்ல இருந்து வந்ததாம். அந்தக் காலத்துல ரோம்ல, பெறந்த பிள்ளையை அப்பன் தூக்கி முழங்கால்ல வச்சுக்கிட்டா, எம்பிள்ளைதான்னு ஒத்துக்கிட்டதா அர்த்தமாம். முழங்காலுக்கு உள்ள சொல்லுல இருந்து வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, பிறப்புங்கிற சொல்லுல இருந்துதான்னு வேற சிலர்.”

காளீஸ்வரியின் கை நின்றது. “பெத்ததுல இருந்தா, மடியில வச்சதுல இருந்தா? தெளிவாச் சொல்லு.”

“முடிவாத் தெரியலையாம்க்கா.”

“அவங்களுக்கே தெரியலையா. நல்ல சோலிதான்.”

காதுகுத்து அன்று கோயிலுக்கு மொக்கச்சாமி புது வேட்டியில் வந்தார். சீர்த்தட்டில் தோடும் பாவாடையும் இருந்தன. சம்மணமிட்டு உட்கார்ந்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். காளீஸ்வரியும்.

“துண்டு எதுக்குண்ணே?”

“வேட்டி புதுசுல்ல ஆத்தா. பிள்ளை ஈரம் பண்ணிட்டா?”

“நம்ம தங்கச்சி பெத்த மகளுக்குக் காது குத்தையில விரிக்கலையே.”

ஊசியோடு காத்திருந்த ஆசாரி, “வெரசா ஆகட்டும்ப்பா” என்றார். மொக்கச்சாமி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை உருவிப் பின்னால் போட்டார்.

“கொண்டா.”

குத்தியதும் முத்துப்பிரியா வீறிட்டு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் காதைப் பார்த்தார்கள். காளீஸ்வரி அண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை பிள்ளையைச் சுற்றி வளைத்திருந்தன. மறுகாது குத்தி முடியும்வரை தளரவில்லை.

மறுநாள் கடையில், “இப்பவாச்சும் நம்புறியா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நாலு பேரு பாக்கையில மடியில வச்சுச்சு. வீட்டுக்கு வந்து, யாருமில்லாதப்பத் தூக்கட்டும். ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்.”